முகம் பார்த்து நோய் அறிதல்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. உள்ளத்தில் எழும் மகிழ்ச்சியும் துயரமும் சினமும் முகத்தில் புலப்படுவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசியலுக்கும் காதலுக்கும் முகத்தைப் படிக்கும் கலை வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும்.

மாணவ நண்பர்களே! மருத்துவத்திற்கும் அந்தக் கலை வேண்டும். ஆனால் மருத்துவர் முகத்தில் தேடுவது உள்ளத்தின் செய்தியை மட்டுமன்று. குழந்தை பிறப்பதற்கு முன்பே, அதன் உயிரணுக்களுக்குள் ஏற்பட்டுவிட்ட ஒரு மாறுதலின் செய்தியும் சில முகங்களில் தெரிகிறது. அதைப் படிக்க இன்று கணிப்பொறிக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அது எவ்வாறு படிக்கிறது, எங்கே தடுமாறுகிறது, நம் ஊர்க் குழந்தைக்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை இன்று சிந்திப்போம்.

முதலில், முகத்துக்கும் நோய்க்கும் என்ன தொடர்பு? தாயின் வயிற்றில் கரு வளரும்போது, நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் முகத்தின் அமைப்பு பெரும்பாலும் உருவாகிவிடுகிறது. தனித்தனியே தோன்றும் சில மேடுகள் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்து, கூடி, மூக்காகவும் உதடாகவும் தாடையாகவும் அமைகின்றன. இந்த வேலையில் பல மரபணுக்கள் பங்கு கொள்கின்றன. அவற்றுள் பல, இதயத்தையும் மூளையையும் எலும்பையும் அமைக்கும் வேலையிலும் பங்கு கொள்பவை. ஆகவே ஒரு மரபணுவில் நேர்ந்த பிழை இதயத்தில் ஓர் ஓட்டையாகவும், அதே சமயம் கண்ணிமையில் ஒரு சிறு சரிவாகவும் வெளிப்படலாம். இதயத்தின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது; இமையின் சரிவு தெரியும். உள்ளே நேர்ந்ததை வெளியே நின்று அறிவிக்கும் அடையாளம் அது.

உலகில் 7,000-க்கும் மேற்பட்ட அரிய நோய்கள் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு மரபணு வழிப்பட்டவை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அரிது. சேர்த்துப் பார்த்தாலோ பெருந்தொகை. ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் பணியாற்றினாலும் இவற்றில் பலவற்றை ஒருமுறைகூடக் காணமாட்டார். காணாததை அவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்? இதுதான் சிக்கலின் முடிச்சு.

இந்த முடிச்சு ஓர் எளிய குடும்பத்தை எப்படி இறுக்குகிறது என்று பாருங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் மேல்மலையனூர் இருக்கிறது. அங்காளபரமேசுவரி அம்மன் கோயில் கொண்ட ஊர். அமாவாசை இரவில் நடைபெறும் ஊஞ்சல் உற்சவத்தைக் காணப் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள். அந்தக் கூட்டத்தில், இரண்டு வயதாகியும் நிற்காத குழந்தையை இடுப்பில் சுமந்தபடி வேண்டுதலோடு நிற்கும் தாயையும் காணலாம். கிரகணத்தன்று வெளியே வந்தாளாம் என்று ஒருத்தி சொல்வாள். கண்ணேறு என்பாள் இன்னொருத்தி. வந்தவளின் ராசி என்று மாமியார் வீட்டார் சொல்லக்கூடும். நோய்க்குப் பெயர் தெரியாத இடத்தில் பழிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயர் பெரும்பாலும் தாயின் பெயராகவே இருக்கிறது.

கோயிலுக்குச் செல்வதை எவரும் குறை கூற வேண்டியதில்லை. ஆறுதல் தேடும் நெஞ்சுக்கு அது புகலிடம். ஆனால் அதே குழந்தையை மரபியல் அறிந்த மருத்துவர் ஒருவரும் பார்க்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார்? மணிலா விதைத்துப் பிழைக்கும் குடும்பம் செஞ்சிக்குப் போகும். அங்கிருந்து முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, வேலூருக்கோ, எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போகும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. அரிய நோயுள்ள குழந்தைகளுக்குச் சரியான பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆவது வளம் மிகுந்த நாடுகளிலும் காணப்படும் நிலையே. இங்கே கேட்க வேண்டுமா?

இந்த இடத்தில்தான் முகம் அறியும் கணிப்பொறி வந்து நிற்கிறது. குழந்தை போக முடியாத தொலைவுக்கு அதன் நிழற்படம் போகும் அன்றோ!

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்வதற்கு முன் சிறிது வரலாறு சொல்ல வேண்டும். 1866-ஆம் ஆண்டில் ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர், அறிவு வளர்ச்சி குன்றிய தம் நோயாளிகள் சிலர், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல் ஒத்த முகம் கொண்டிருப்பதைக் கவனித்து எழுதினார். மேல்நோக்கிச் சாய்ந்த கண்கள், தட்டையான மூக்குத்தண்டு, சிறிய காதுகள். கூர்மையான கண் அவருடையது. ஆனால் அந்தக் கண், தான் கண்டு பழகிய ஐரோப்பிய முகத்தையே அளவுகோலாகக் கொண்டிருந்தது. ஆகவே அந்தக் குழந்தைகளை மங்கோலிய இனத்தவரின் சாயல் கொண்டவர்கள் என்று அவர் வகுத்துவிட்டார். நோயின் பெயரே அவ்வாறு அமைந்துபோயிற்று.

1959-இல் பாரிசில் லெழேன் முதலிய ஆய்வாளர்கள், அக்குழந்தைகளின் உயிரணுக்களில் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். காரணம் இனத்தில் இல்லை, ஒரு குரோமோசோமின் மிகையில் இருக்கிறது என்பது வெளியாயிற்று. 1965-இல் மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, உலகச் சுகாதார நிறுவனம் பழைய பெயரைக் கைவிட்டது. இன்று அதை டவுன் நோய்க்குறித்தொகுதி என்கிறோம். ஒரு பட்டப்பெயர் விழுவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின! கண்டு பழகியதைக் கொண்டே கண் பிறவற்றை அளக்கும் என்ற உண்மையை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் நமக்கு வேண்டியிருக்கும்.

அதன்பின் ஒவ்வொன்றாகப் பல முகங்களுக்குப் பெயர் கிடைத்தது. 1961-இல் நியூசிலாந்தைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்பவர், அகன்ற வாயும் தடித்த உதடுகளும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் சுருக்கமும் கொண்ட குழந்தைகளை விவரித்தார். 1963-இல் அமெரிக்க இதய மருத்துவரான ஜாக்குலின் நூனன் அம்மையார், விலகிய கண்களும் சரிந்த இமைகளும் தாழ்ந்த காதுகளும் குட்டையான உடலும் கொண்ட குழந்தைகளிடம் ஒரே வகையான இதயக் கோளாறு இருப்பதை எடுத்துக்காட்டினார். இவ்வாறு வளர்ந்த கலையில் தேர்ந்த மருத்துவர், அறைக்குள் குழந்தை நுழைந்தவுடனேயே நோயை ஊகித்துவிடுவதுண்டு. கண் எத்தனை அளவு, மூக்கு எத்தனை அளவு என்று அவர் அளப்பதில்லை. முழுத் தோற்றமும் ஒருங்கே அவருக்குப் பேசுகிறது. மாசி மாதத்து மயானக் கொள்ளையில், முகம் நிறைய வண்ணம் பூசி அம்மன் வேடம் புனைந்து வருபவரையும், இன்னார் மகன் என்று ஊரார் கண்டுகொள்கிறார்கள் அல்லவா? அத்தகைய அறிவுதான் இதுவும். கற்றுக்கொள்ளலாம், ஆனால் சொல்லிக் கொடுப்பது கடினம்.

சொல்லிக் கொடுக்கக் கடினமான இதைக் கணிப்பொறி எப்படிக் கற்றது? எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான். 2019-ஆம் ஆண்டு சனவரியில் 'நேச்சர் மெடிசின்' என்னும் இதழில் 'டீப்கெஸ்டால்ட்' என்ற செயற்கை நுண்ணறிவு முறை பற்றிய கட்டுரை வெளிவந்தது. 'ஃபேஸ்டுஜீன்' என்ற பெயரில் மருத்துவர்கள் கையாளும் செயலியின் அடிப்படை அதுதான். முதலில் நிழற்படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று அது காண்கிறது. கண்ணின் ஓரம், மூக்கின் நுனி, உதட்டின் விளிம்பு எனப் பல புள்ளிகளைக் குறிக்கிறது. பிறகு முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எந்த நோய்க்குறித்தொகுதியின் சாயலை எவ்வளவு காட்டுகிறது என்று எண்ணாக மதிப்பிடுகிறது. எல்லா மதிப்பீடுகளையும் கூட்டி, பொருத்தமான பெயர்களை வரிசைப்படுத்தி மருத்துவரிடம் தருகிறது.

இதற்கான பயிற்சி இரண்டு படிகளில் நடந்தது. சாதாரண மனிதர் பலரின் படங்களைக் காட்டி, முகம் என்றால் என்ன என்பதை முதலில் கற்பித்தனர். பின்னர் 200-க்கு மேற்பட்ட நோய்க்குறித்தொகுதிகளைச் சேர்ந்த 17,000-க்கு மேற்பட்ட படங்களைக் காட்டினர். அதன்பின் அது பார்த்திராத 502 படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 91 படங்களில், அது தந்த முதற்பத்துப் பெயர்களுக்குள் சரியான பெயர் இருந்தது.

நூற்றுக்கு 91 என்றதும் வியந்துவிடுகிறோம். மாணவர்கள் அந்த எண்ணுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும். 'முதற்பத்துப் பெயர்களுக்குள்' என்பது ஒரு நிபந்தனை. சோதித்த படங்கள் நோய் இருப்பதாக முன்பே அறியப்பட்டவர்களுடையவை என்பது மற்றொரு நிபந்தனை. ஊரிலுள்ள குழந்தைகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி நோயாளியைப் பொறுக்கி எடுக்கும் கருவியன்று இது. ஐயம் தோன்றிய குழந்தைக்கு எந்தத் திசையில் தேடலாம் என்று மருத்துவருக்குக் கைகாட்டும் கருவி.

நம் நாட்டுக் குழந்தைகளிடம் இது எப்படி வேலை செய்கிறது? லக்னோவையும் ஐதராபாத்தையும் சேர்ந்த மருத்துவ மரபியல் அறிஞர்கள் இதை ஆராய்ந்து, 2019-இல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினர். மரபணுச் சோதனையாலோ குரோமோசோம் சோதனையாலோ நோய் உறுதி செய்யப்பட்ட, முகத்திலும் அடையாளம் தெரிந்த 51 பேரின் படங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். கருவி 37 பேருக்குச் சரியான பெயரைச் சொன்னது; அவர்களுள் 26 பேருக்கு அதுவே முதற்பெயராக வந்தது. 14 பேருக்குச் சரியான பெயரை அது சொல்லவே இல்லை. இங்கே சிறு கணக்கு ஒன்று போடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தது ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு. முதற்பெயரே சரியாக இருந்தது பாதிப் பேருக்கு. பயனுள்ள கருவி என்பதற்கும் இது சான்று. அதை மட்டும் நம்பி முடிவு சொல்லலாகாது என்பதற்கும் இதுவே சான்று.

கருவி தடுமாறுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றை 2017-இல் வெளிவந்த வேறோர் ஆய்வு தெளிவாகக் காட்டிற்று. டவுன் நோய்க்குறித்தொகுதி உள்ள ஐரோப்பிய வழிக் குழந்தைகளை இதே செயலி நூற்றுக்கு 80 வீதம் அடையாளம் கண்டது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக் குழந்தைகளிடம் வந்தபோது, அது நூற்றுக்கு 37-க்கும் கீழே இறங்கிவிட்டது. நோய் ஒன்றே, குரோமோசோம் ஒன்றே. பார்த்துப் பழகாத முகங்கள், அவ்வளவுதான். காங்கோக் குழந்தைகளின் படங்களையும் பயிற்சியில் சேர்த்த பின், அதே கருவி நூற்றுக்கு 94-க்கு மேல் கண்டுபிடித்தது!

1866-இல் ஒரு மருத்துவரின் கண்ணுக்கு நேர்ந்ததே, 150 ஆண்டு கழித்துக் கருவியின் கண்ணுக்கும் நேர்ந்தது. கண்டு பழகியதையே அதுவும் அளவுகோலாகக் கொண்டது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனிதனின் கோணலைத் திருத்த நூறு ஆண்டுகள் ஆயின; கருவியின் கோணலைப் புதிய படங்கள் விரைவில் திருத்திவிட்டன. அமெரிக்காவின் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆராய்ச்சி நிலையத்தினர் இதை உணர்ந்து, பல நாட்டு மருத்துவர்களோடு கூடி, வெவ்வேறு மக்களிடையே ஒரே நோய் எப்படித் தோற்றம் தருகிறது என்பதைக் காட்டும் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினர். 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போவதால் வரும் நோயை, ஆப்பிரிக்கர், ஆசியர், இலத்தீன் அமெரிக்கர், ஐரோப்பிய வழியினர் ஆகிய நான்கு வகையினரிடமும் கணிப்பொறியால் நன்கு இனங்காண முடியும் என்று 2017-இல் அவர்கள் காட்டினர்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? மேல்மலையனூர்க் குழந்தைக்கு இந்தக் கருவி உதவ வேண்டுமானால், அது கற்ற பாடத்தில் தமிழ்நாட்டு முகங்களும் இருக்க வேண்டும். நம் நிறம், நம் மூக்கு, நம் கண் எல்லாம் அதற்குப் பழக்கமானவையாக வேண்டும். இல்லாவிடில், நோயில்லாத இடத்தில் நோயைக் காணும்; இருக்கும் இடத்தில் காணாது போகும்.

நம் மாநிலத்துக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்றும் உண்டு. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 28 பேர் உறவுக்குள் மணம் செய்துகொண்டவர்கள். மாமன் மகன், அத்தை மகன், தாய்மாமன் என்று தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் இது. கணவனும் மனைவியும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதுற்ற மரபணுவைப் பெற்றிருக்கும் வாய்ப்பு இதனால் மிகுகிறது. இருவரும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் இரண்டு பழுதும் ஒரு குழந்தையிடம் வந்து சேரும்போது நோய் வெளிப்படுகிறது. டவுன் நோய்க்குறித்தொகுதி இந்த வகையைச் சேர்ந்ததன்று. மாறாக, நொதி ஒன்று இல்லாமையால் உடலில் சில சர்க்கரைப் பொருள்கள் தேங்கி, முகம் நாளடைவில் தடித்து, எலும்பும் இதயமும் கெடும் ஹர்லர் நோய் இவ்வகையினது. இத்தகைய நோயில் காலம் பொன்னைவிடப் பெரிது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைச் சிறு வயதிலேயே செய்தால் மூளையைக் காக்க வழியுண்டு. தாமதித்தால் இழந்ததை மீட்க இயலாது.

பெயர் கிடைத்தால் மட்டும் என்ன நடந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். அரிய நோய்கள் பலவற்றுக்கு முழுமையான மருந்து இன்றும் இல்லை என்பது உண்மையே. ஆயினும் பெயர் பல கதவுகளைத் திறக்கிறது. வில்லியம்ஸ் என்று தெரிந்தால் பெருந்தமனியைச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் அறிவார். டவுன் என்று தெரிந்தால், அக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டாகையால், இதயத்தை உடனே பார்ப்பார். அடுத்த குழந்தைக்கும் இப்படி நேருமா என்று தாய் கேட்கும் கேள்விக்குப் பெயர்தான் விடை தருகிறது. ஹர்லர் போன்ற நோயில் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. டவுனின் பெரும்பான்மை வகையில் அது மிகக் குறைவு. மத்திய அரசு 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. 2022-இல் அதன்கீழ் ஒரு நோயாளிக்குரிய உதவித்தொகையை 50 இலட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. பெயரில்லாத நோய்க்கு அந்த உதவியைக் கேட்பது எங்ஙனம்? எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது உன் குற்றமன்று அம்மா' என்று ஒரு மருத்துவர் உறுதியோடு சொல்வதற்குப் பெயர் வேண்டும்.

இனி எச்சரிக்கை ஒன்று. முகம் என்பது பூட்டின் சாவியைப் போன்றதன்று. தொலைந்தால் மாற்றிக்கொள்ள முடியாது. நோயுள்ள குழந்தையின் முகம் தவறான கையில் சிக்கினால், நாளை பள்ளியிலும் வேலையிலும் திருமணத்திலும் அது குறுக்கே நிற்கலாம். 2023-இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. எழுத்தறியாத தாயிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கைந்நாட்டு வாங்குவதை இசைவு என்று சொல்ல முடியாது. படம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் சிகிச்சை நின்றுவிடுமா என்பனவற்றை அவள் மொழியில் அவளுக்கு விளக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமையும் இருக்க வேண்டும். நம்பிக்கை இருந்தால்தான் முகங்கள் வந்து சேரும். முகங்கள் சேர்ந்தால்தான் கருவி நம் குழந்தைகளைக் கண்டுகொள்ளும்.

இதற்கான பாதை புதிதாகப் போட வேண்டியதுமன்று. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் சென்று குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐயத்துக்குரிய குழந்தையைக் காணும் அந்த மருத்துவர், பெற்றோரின் இசைவோடு எடுத்த படத்தை மரபியல் வல்லுநருக்கு அனுப்புவதும், வல்லுநர் கருவியின் துணையோடு ஆராய்ந்து, தேவையான இரத்தச் சோதனை ஒன்றை மட்டும் குறித்துக் கொடுப்பதும் இயலாத செயல்கள் அல்ல. பல ஊர் அலைச்சல் ஓர் ஊர்ப் பயணமாகக் குறையும். இறுதித் தீர்ப்பு மரபணுச் சோதனையுடையது; அதை எடுத்துச் சொல்லும் வாய் மருத்துவருடையது.

2022-இல் 'கெஸ்டால்ட்மேட்சர்' என்ற இன்னொரு முறையை செருமனியின் பான் நகர ஆய்வாளர்கள் தலைமையில் வெளியிட்டனர். 1,115 அரிய நோய்களைச் சேர்ந்த 17,560 பேரின் படங்களை அதில் பயன்படுத்தினர். பெயரே இடப்படாத நோயாக இருந்தாலும், ஒத்த முகமுடைய இருவரை அது அருகருகே கொண்டுவந்து வைக்கும். வேறு வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நோய் என்று தெரியவந்தால், அந்த நோயின் காரணத்தைத் தேடும் வழி அங்கே பிறக்கிறது. நம் குழந்தையின் முகம் எங்கோ இருக்கும் ஒரு குழந்தைக்கு உதவும். அதன் முகம் நம் குழந்தைக்கு உதவும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் கணிதத்தில் விருப்பமுள்ளவர் இக்கருவிகளைச் செம்மைப்படுத்தலாம். உயிரியலில் விருப்பமுள்ளவர் மரபியல் ஆலோசகராகலாம். தமிழில் தெளிவாகப் பேசத் தெரிந்த ஆலோசகர் நம் மாவட்டங்களுக்கு மிகவும் தேவை. இவை நாளைய பணிகள். இன்றே செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. உங்கள் வகுப்பிலோ தெருவிலோ, முக அமைப்பு சற்று வேறுபட்ட ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள். கற்றவர்கள் வைத்த ஒரு பட்டப்பெயரை நீக்கவே நூறு ஆண்டுகள் ஆயின என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அந்த முகத்துக்கு வேண்டியது சரியான பெயர். அதைத் தேடித் தரும் அறிவு. அதற்குப் பின்னரும் அந்தப் பிள்ளையை அதன் சொந்தப் பெயர் சொல்லி அழைக்கும் அன்பு.